மணிக்கு ஓட்ஸ் குளியல்

இன்று எங்கள் நாய் மணி உதறிக்கொண்டு ஓடவில்லை.

வயிற்றில் ஓட்ஸ் தண்ணீர் பட்டதும் அப்படியே கண்ணை மூடி நின்றுவிட்டான். முடி குறைந்த அடிவயிறு, சொறிந்து சொறிந்து சிவந்துபோன தோல். அங்கே மட்டும் கை வைக்கவே பயமாக இருந்தது.

இந்தப் பாலக்கோட்டு வெயிலும் புழுதியும் வேறு.

நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. நம் தோலின் பிஎச் (அமில, காரத்தன்மை) அளவு 5.5-ஐ ஒட்டியது, நாய்க்கு 7-ஐ ஒட்டி. நமக்கான ஷாம்பு அதற்கு ஒத்துவராது.

அதனால்தான் ஓட்ஸ் குளியல். செய்வது சுலபம். சர்க்கரை, மசாலா சேராத ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைத்தால் போதும். மேலே ஊற்றி, 10 நிமிடம் விட்டு நன்றாக அலசணும். மிச்சம் வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

தோலுக்கென்று நாம் பூசும் டீ ட்ரீ எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். நாய்க்கு அது விஷம். சோற்றுக்கற்றாழை என்றால் தோலையும் மஞ்சள் பாலையும் நீக்கிய உள்சதை மட்டும்தான்.

மூலிகைதானே என்று எதையும் பூசிவிட முடியாது. நாய் உடம்பை நக்கும். நாம் தடவுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகிறது.

புண்ணோ, வட்டமாக முடி உதிர்வோ தெரிந்தால் நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். பூஞ்சையும் உண்ணியும் ஓட்ஸுக்கு அடங்காது.