கப்பலை நிறுத்தி வாழ்ந்த ஊர்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்த சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி (சரக்கு விவரத்தை அறிவிக்கிற பத்திரம்) போட்டு, கஸ்டம்ஸ் கேட்கிற காகிதங்களைக் கொடுத்து, தீர்வை கட்டி, கன்டெய்னர் கேட்டைத் தாண்டும்வரை எங்கள் பொறுப்பு. ஆவணங்களைக் கணினிக்கு மாற்றுவது பற்றிய ஒரு பயிற்சிக்காக இரண்டு வாரம் கோபன்ஹேகனுக்கு அனுப்பினார்கள். பயிற்சி நடத்தியவருக்கு அறுபதை ஒட்டிய வயது. முதல் நாள் அவரை "சார்" என்று கூப்பிட்டேன், இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார். கடைசிவரை எனக்கு வாயில் வரவில்லை, சார் என்றேதான் கூப்பிட்டேன், அவரும் விட்டுவிட்டார்.

முதல் வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கேட்டார்: "நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? என் ஊர் ஹெல்சிங்கோர். உங்கள் தொழிலைச் செய்தவர்கள் கட்டிய ஊர் அது. வந்து பாருங்கள்." எங்கள் தொழில் ஒரு ஊரைக் கட்டும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

கோபன்ஹேகனிலிருந்து கடலோரமாகவே வடக்கே போகிற ரயில், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அந்த ரயில் ஹெல்சிங்கோரோடு நின்றுவிடுகிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே ஃபெரி நிற்கிறது, துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் பச்சை ஏறிய செம்புக் கூரையோடு குரோன்போர்க் கோட்டை, எதிரே தண்ணீருக்கு அப்பால் ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் நகரம். நடுவில் வெறும் நான்கு கிலோமீட்டர். அக்கரையில் இருக்கிற கட்டடங்களை எண்ணிவிடலாம். ஓரெசுண்ட் நீரிணை இங்கேதான் மிகக் குறுகலாகிறது.

பால்டிக் கடலிலிருந்து தானியம், மரம், தார், சணல் ஏற்றிக்கொண்டு மேற்கே போகிற கப்பலும், உப்பும் ஒயினும் துணியும் ஏற்றிக்கொண்டு உள்ளே வருகிற கப்பலும் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும். 1429-இல் போமரேனியாவின் எரிக் என்ற டேனிஷ் அரசர் இங்கே சுங்கம் வைத்தார். அப்போது இரண்டு கரையும் டென்மார்க்கினுடையது, 1658-இல்தான் அக்கரை ஸ்வீடனுக்குப் போனது. கப்பல் நங்கூரம் போட்டு நிற்கவேண்டும், கேப்டன் படகில் கரைக்கு வந்து பணம் கட்டிவிட்டுத்தான் மேலே போகமுடியும். நிற்காமல் போனால் கோட்டையின் பீரங்கி பேசும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் டேனிஷ் அரசின் வருமானத்தில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்திலிருந்துதான் வந்தது. 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பி நம்முடைய தரங்கம்பாடிக்கு வந்த கப்பல்களுக்கும் இதுதான் வழி. அந்தக் கரையில் நின்றபோது, நம் ஊர்ப்பக்கத்துக்கு வந்த பாய்கள் இந்தத் தண்ணீரில்தானே காற்று வாங்கியிருக்கும் என்று நெஞ்சில் ஏதோ செய்தது.

அப்புறம் சார் சொன்ன ஒரு விஷயத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆரம்பத்தில் கப்பலுக்கு இவ்வளவு என்று இருந்த சுங்கம் 1567-இலிருந்து சரக்கைப் பொறுத்ததாக மாறியது. சரக்கின் மதிப்பை யார் சொல்வது? கேப்டன்தான் சொல்லவேண்டும். குறைத்துச் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அவர்களிடம் ஒரு விதி இருந்தது. கேப்டன் சொன்ன அதே விலைக்கு அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை அரசருக்கு உண்டு. அவ்வளவுதான். குறைத்துச் சொன்னால் சரக்கே அந்த விலைக்குப் போய்விடும், கூட்டிச் சொன்னால் தீர்வை கூடும். சோதனை போட ஆள் இல்லாத காலத்தில், மனிதனை அவன் வாயாலேயே சரியான விலையைச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஆபீஸின் ஒரு பழைய ஃபைல் நினைவுக்கு வந்தது. ஒரு பார்ட்டி, அதாவது எங்கள் வாடிக்கையாளர், இயந்திர உதிரிபாகம் இறக்குமதி செய்திருந்தார், இன்வாய்ஸில் விலை பாதிதான் காட்டியிருந்தது. நான் அப்போது வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, இன்வாய்ஸில் இருப்பதை அப்படியே போட்டேன். நம் சட்டத்தில் அறிவித்த விலை சந்தேகமாக இருந்தால் அதிகாரி அதை ஏற்க மறுத்து, அதே மாதிரிப் பொருள் வேறு இடத்தில் என்ன விலைக்கு வந்தது என்று பார்த்து மதிப்பை நிர்ணயிப்பார். ஒரு கேள்வி, பதில், மறுபடி கேள்வி என்று போய், கன்டெய்னர் யார்டிலேயே பத்தொன்பது நாள் கிடந்தது. யார்டு வாடகையும், கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் கப்பல் கம்பெனி போடுகிற டிடென்ஷன் கட்டணமும் சேர்ந்து, தீர்வையில் மிச்சம் பிடிக்க நினைத்த தொகையைத் தாண்டிவிட்டது. பார்ட்டி என்னைத்தான் திட்டினார். அன்றைக்கு ராத்திரி பழைய துறைமுக ரோட்டில் டீக்கடை வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த விலை பொய் என்று எனக்கு முதலிலேயே தோன்றியது, கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போது புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, இன்வாய்ஸைப் பார்த்ததும் பார்ட்டிக்கு ஒரு போன் போட்டு, "அண்ணாச்சி, இந்த விலைக்கு நானே வாங்கிக்கொள்ளட்டுமா" என்று கேளுங்கள் என்பதுதான். அரசர் கேட்டதும் அதே கேள்வி என்று ஹெல்சிங்கோரில்தான் தெரிந்தது.

இந்தச் சுங்கக் கணக்கேடுகள் இன்னும் இருக்கின்றன. 1497-இலிருந்து 1857வரை, இடையில் சில வருடங்கள் விட்டுப்போனாலும், கேப்டன் பெயர், அவர் ஊர், சரக்கு, கட்டிய தொகை என்று கிட்டத்தட்ட 18 லட்சம் கப்பல் கடப்புகள். டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள், யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலிலும் சேர்த்திருக்கிறது. ஒவ்வொரு வரியையும் ஒரு குமாஸ்தா குளிரில் கை விறைக்க எழுதியிருப்பார் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

"உங்கள் தொழிலைச் செய்தவர்கள்" என்று சார் சொன்னது யாரை என்பது ஸ்ட்ராண்ட்காடே தெருவில் நடக்கும்போது புரிந்தது. வெளிநாட்டுக் கேப்டனுக்கு டேனிஷ் தெரியாது, சுங்க விகிதம் தெரியாது, காற்று சாதகமாக இருக்கும்போதே கிளம்பவேண்டிய அவசரம் வேறு. அவருக்காகக் காகிதம் எழுதி, சுங்கத்தை முன்பணமாகக் கட்டி, குடிதண்ணீரும் ரொட்டியும் கயிறும் ஏற்றிக் கொடுக்க ஊரில் ஆட்கள் இருந்தார்கள். டேனிஷில் 'கிளரேரர்' என்பார்களாம். கிளியரிங் ஏஜென்ட்தான், வேறொன்றுமில்லை! டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர் என்று பல நாட்டுக் குடும்பங்கள் இந்தத் தொழிலில் இங்கே குடியேறின. அந்தத் தெருவின் பழைய வீடுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பிறகு 1857. அமெரிக்கா இனிமேல் கட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டது, மற்ற நாடுகளும் பேச உட்கார்ந்தன, கோபன்ஹேகனில் மார்ச் மாதம் ஒரு உடன்படிக்கை கையெழுத்தானது. டென்மார்க் அரசுக்குப் பெரிய நஷ்டஈடு கிடைத்தது. ஊருக்கு? கப்பல்கள் நிற்காமல் போக ஆரம்பித்தன. 400 வருடத்துக்கும் மேல் கப்பல் நிற்பதை நம்பியிருந்த ஊர் அது.

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் அடிவயிற்றில் பட்டது. 2020-இல் எங்களுக்கு முகமற்ற மதிப்பீடு வந்தது. அதற்கு முன்னால் கஸ்டம் ஹவுஸுக்கு ஃபைலோடு போவேன், அதிகாரி எதிரே உட்கார்ந்து சரக்கு இன்னதென்று விளக்குவேன். இப்போது தூத்துக்குடியில் போட்ட பில்லை வேறு ஏதோ நகரத்தில் இருக்கிற அதிகாரி பார்க்கிறார், கேள்வி கணினியில் வருகிறது, பதிலையும் கணினியில்தான் போடவேண்டும். வேலை நேர்மையாகவும் வேகமாகவும் நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஆபீஸில் பதினொரு பேர் இருந்த இடத்தில் இன்று ஐந்து பேர். கூட வேலை பார்த்த ஒரு அண்ணன் இப்போது உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். ஹெல்சிங்கோரின் கிளரேரர் வீட்டுப் பிள்ளைகள் 1858-இல் என்ன வேலைக்குப் போயிருப்பார்கள் என்று சாரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன்" என்றார்.

1882-இல் இங்கே கப்பல் கட்டும் தளம் தொடங்கியது. 1892-இல் ரயில் பெட்டிகளையே ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற ஃபெரி வந்தது. ஊர் மறுபடி எழுந்தது, இந்தத் தடவை நீளவாட்டில் போகிற கப்பலை நம்பாமல், குறுக்கே போகிற கப்பலை நம்பி. அவருடைய அப்பா அந்தத் தளத்தில் வெல்டர். 1983-இல் அதையும் மூடிவிட்டார்கள். அப்பா ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு ஃபெரியில் கார்களை வரிசைப்படுத்தும் வேலைக்குப் போனாராம். 2000-இல் தெற்கே ஓரெசுண்ட் பாலம் திறந்ததும் ரயில் ஃபெரியும் நின்றது. கார்களும் லாரிகளும் நடந்து ஏறுகிறவர்களும் மட்டும் மிச்சம். பழைய உலர்துறையின் சுவர்களைச் சுற்றித் தரைக்குக் கீழே இப்போது கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, 2013-இல் திறந்தது. கப்பல் நின்ற பள்ளத்தை மூடாமல் காலியாகவே விட்டிருக்கிறார்கள். அப்பாவின் கை பட்ட இடம் என்று சார் ஒரு மூலையைக் காட்டினார். நான் ஒன்றும் பேசவில்லை.

மத்தியானம் ஃபெரி ஏறினோம். அக்கரைக்கு 20 நிமிடம். 1991-இல் ரயில் ஏற்றக் கட்டிய டீகோ பிராகே என்ற கப்பல், 111 மீட்டர் நீளம், இரண்டு முனையும் ஒரே மாதிரி என்பதால் திரும்பவே வேண்டாம், வந்தபடியே போகும். டீசலில் ஓடிய கப்பலுக்கு 4,160 கிலோவாட்-மணி பேட்டரி வைத்து 2018-இல் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கரையில் கப்பல் நிற்கிற பெர்த்தில் வந்து ஒட்டியதும் கரைக் கோபுரத்திலிருந்து ஒரு ரோபோ கை நீண்டு கேபிளை எடுத்துத் தானாகச் செருகுகிறது, கார்கள் இறங்கி ஏறுகிற சில நிமிடத்துக்குள் அடுத்த பயணத்துக்கான மின்சாரம் ஏறிவிடுகிறது. சரக்கு நிற்கும் நேரத்தைக் குறைப்பதற்காகவே வாழ்க்கையைச் செலவழித்தவன் நான், அந்த சில நிமிடங்களைப் பார்க்க அடுத்த ஃபெரிக்கும் நின்றேன்.

மேல்தளத்தில் ஒரு ஸ்வீடிஷ் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் எங்கேயும் இறங்கப் போவதில்லையாம், போய்த் திரும்பிச் சாப்பிடுவதற்காகவே ஏறுவார்களாம், ஹெல்சிங்போர்க்காரர்களிடம் அதற்கென்று ஒரு வினைச்சொல்லே உண்டு, 'தூரா' என்பார்கள். இதே தண்ணீரை 1943 அக்டோபரில் டென்மார்க்கின் யூதர்கள் ராத்திரியில் படகுகளில் கடந்தார்கள், நாஜிகளிடமிருந்து தப்பி. நீரிணையின் பல இடங்களிலிருந்தும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அக்கரை சேர்ந்தார்கள். ஹெல்சிங்கோரில் அவர்களை ஏற்றி அனுப்பிய குழு, சந்தேகம் வராமலிருக்கத் தன்னைத் 'தையல் சங்கம்' என்று சொல்லிக்கொண்டது. அந்தப் படகுகளுக்கு மேனிஃபெஸ்ட், அதாவது ஏற்றியவற்றின் பட்டியல், கிடையாது.

திரும்பும்போது நடுவழியில் ஃபெரி வேகத்தைக் குறைத்தது. வடக்கே பார்த்து ஒரு நடுத்தரச் சரக்குக் கப்பல் எங்கள் முன்னால் போனது, தளம் முழுக்க அடுக்கிய மரம். சார் போனில் அதன் பெயரைப் பார்த்துச் சொன்னார். கோட்டையின் பீரங்கிகள் இருக்கிற திண்டைத் தாண்டி அது போய்க்கொண்டே இருந்தது. மரத்துக்கு இன்றைய ரேட்டில் தீர்வை எவ்வளவு வரும் என்று என் மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது, சாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஒரு சதவீதம் வையுங்கள், இரண்டு சதவீதம் வையுங்கள், எங்கள் ஆட்கள் அப்படித்தான் ஆரம்பித்தார்கள்" என்றார். ஃபெரி மறுபடி வேகம் எடுத்தது, கரையில் கோபுரத்தின் கதவு திறந்து ரோபோ கை வெளியே வந்துகொண்டிருந்தது.