வால் பட்டம்: எங்கள் வீடியோ நிறுவனத்துக்குப் பெயர் கிடைத்த கதை

முதல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டோம். 90 வினாடி அறிமுக வீடியோ. தம்பி கேமரா, நான் எடிட். வாடிக்கையாளருக்கு ரொம்பத் திருப்தி. "இன்வாய்ஸ் அனுப்பிடுங்க" என்றார்கள். கணினியைத் திறந்து உட்கார்ந்தபோதுதான், தாளின் மேலே எழுத எங்களிடம் ஒரு பெயர் இல்லை என்பது உறைத்தது. சரி, என் பெயரிலேயே அனுப்பிவிடலாம் என்று அனுப்பினேன். பணமும் வந்தது.

சில நாள் கழித்து அதே வாடிக்கையாளர் எங்களை வேறு ஒருவரிடம் பரிந்துரைத்திருக்கிறார். எப்படித் தெரியுமா? "ஒரு அக்காவும் தம்பியும் பண்றாங்க, நல்லா இருக்கு, நம்பர் அனுப்புறேன்." அனுப்ப மறந்துவிட்டார். கேட்டவருக்கு நாங்கள் தேவைப்பட்டபோது எதைத் தட்டித் தேடுவது என்றே தெரியவில்லை, வேறு ஆளைப் பிடித்துவிட்டார். பிறகொரு நாள் அவரே இதைச் சொன்னபோது அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வேலை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போவதற்கு ஒரு பிடி வேண்டும். பெயர்தான் அந்தப் பிடி.

மறுநாளே பட்டியல் போட ஆரம்பித்தோம். நாற்பது பெயர் சேர்ந்துவிட்டது. ஃபிரேம், லென்ஸ், ஃபோகஸ், ஷட்டர், ரீல், பிக்சல், அவற்றுக்கு முன்னால் ஒரு நிறம் அல்லது ஒரு எண். எழுதும்போது எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. அம்மாவிடம் அத்தனையையும் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டு நாள் கழித்து, எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. அம்மாவின் ஞாபகசக்தி அபாரமானது, எங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பெயர்களை எல்லாம் இன்றும் சொல்வார். குறை பட்டியலில்தான். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் கேமராவின் பாகங்களிலிருந்தே பெயர் எடுக்கிறோம், அதனால் எல்லாப் பெயரும் ஒரே பெயர் மாதிரி கேட்கிறது.

இதில் சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது, அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. செய்யும் தொழிலை அப்படியே சொல்லும் சொல்லை வணிகக் குறியாக (டிரேட்மார்க்) ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்வது கடினம். 'வீடியோ', 'ஸ்டுடியோ' எல்லாம் எல்லோருக்கும் வேண்டிய சொற்கள். தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத சொல், அல்லது புதிதாக உருவாக்கிய சொல், இவற்றுக்குத்தான் பாதுகாப்பு பலமாகக் கிடைக்கும். 'கோடக்' அப்படி உருவானது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் அந்தப் பெயரைப் பதிவு செய்தபோது எந்த மொழியிலும் அதற்கு அர்த்தம் கிடையாது. சின்னதாக இருக்க வேண்டும், தப்பாக உச்சரிக்க முடியக்கூடாது, வேறு எதையும் போல இருக்கக்கூடாது என்பதே அவருடைய கணக்கு. 'கே' எழுத்து அவருக்குப் பிடித்தது, அதனால் முதலிலும் கடைசியிலும் அதையே வைத்தார். படம் எடுக்கும் பெட்டிக்கு வைத்த பெயரில் படமும் இல்லை, பெட்டியும் இல்லை. இதைப் படித்த அன்று எங்கள் நாற்பது பெயரையும் அடித்துவிட்டேன்.

தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. அங்கேதான் உண்மையான வேலை தொடங்கியது. தமிழில் யோசித்த பெயரை மக்கள் தேடுவது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். இந்த இடைவெளியில் எவ்வளவு அழகான பெயர்கள் விழுந்து சாகின்றன என்பதை நேரில் பார்த்தோம்.

முதலில் விழுந்தது 'நிழல்'. எனக்கு மிகவும் பிடித்த சொல். தெரிந்தவர்கள் ஆறு பேருக்கு அதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பி, ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பச் சொன்னேன். நாலு விதமாக வந்தது. ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' என்று எழுதினார், ஒருவர் வெறும் 'எல்', ஒருவர் வெறும் 'இசட்', இன்னொருவர் 'ஐ'க்குப் பதில் 'இ' இரண்டு போட்டிருந்தார். நாலு பேரும் நாலு முகவரிக்குப் போவார்கள், அதில் ஒன்றுதான் எங்களுடையதாக இருக்கும். அன்றிலிருந்து ழகரம் வரும் பெயர் எதையும் பட்டியலில் சேர்க்கவில்லை. ழகரத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களுடைய துணிச்சல். புதிதாகத் தொடங்கும் இரண்டு பேருக்கு அந்தச் சுமை வேண்டாம் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

அடுத்தது 'இமை'. கண் இமைப்பதும் எடிட்டில் ஒரு ஷாட்டை வெட்டுவதும் ஒன்றுபோல இருப்பதால் எனக்கு மனசுக்குள் மணி அடித்த பெயர். தமிழ் தெரியாத ஒரு நண்பரிடம் ஆங்கில எழுத்தில் காட்டினேன். "ஐமாய்?" என்று கேட்டார். முதல் எழுத்தே தவறினால் மீதி எங்கே போகும்?

தம்பி கொண்டுவந்தது 'தும்பி'. தும்பியின் கூட்டுக்கண் கிட்டத்தட்ட எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பார்க்கும். நின்ற இடத்திலேயே ட்ரோன் மாதிரி மிதக்கும். வீடியோக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உயிரினம் கிடையாது. தொலைபேசியில் மாமாவிடம் சொன்னோம். "தம்பி ஸ்டுடியோவா? நல்லா இருக்கே, அப்போ அக்கா பேரு?" என்றார். சந்தேகத்துக்குப் போனின் குரல் தட்டச்சை எடுத்து மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் 'தம்பி' என்றே எழுதியது. கண்ணில் பார்க்கும் பெயரை மட்டுமே சோதித்துக்கொண்டிருந்தோம், காதில் விழும் பெயரையும் சோதிக்க வேண்டும் என்பது அங்கே தெரிந்தது.

'விரல்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்காக நாங்கள் இரண்டு நாள் சண்டை போட்டோம். தமிழில் விரல். அதையே ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், 'வைரல்' என்று படிக்கலாம்! தம்பி துள்ளிக் குதித்தான். "அக்கா, இதுக்கு மேல என்ன வேணும்? ஒரே எழுத்துக்கூட்டு, ரெண்டு அர்த்தம், ரெண்டு மொழி!" அவன் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பெயரைப் பார்த்து வருகிறவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி, "எங்க வீடியோ வைரலாகுமா?" என்பதுதான். யாராலும் தர முடியாத வாக்குறுதியைப் பெயரிலேயே கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முதல் சந்திப்பிலும் அதை விளக்கிப் பின்வாங்க வேண்டியிருக்கும். நிதானமாக ஒரு மனிதரை உட்காரவைத்து, அவர் பேச்சைப் பதிவு செய்வதில்தான் எங்களுக்கு ஆசை. அதற்கு அந்தப் பெயர் நியாயம் செய்யாது. இரண்டாம் நாள் இரவு தம்பியே, "சரி, விடு" என்றான். அவனுக்கு வருத்தம் இருந்தது, எனக்குத் தெரியும்.

அப்புறம் மூன்று வாரம் பெயரைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு ஒரு வேலையின் மூன்றாவது திருத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன். கோப்புக்கு 'படம் 3 இறுதி' என்று பெயர் வைக்க வேண்டும். நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவள். அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்துவிடும். ட-வில் விரல் இரண்டு முறை பட்டிருக்கிறது. கோப்பு 'பட்டம் 3 இறுதி' என்று போய்விட்டது. தம்பி திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது என்ன பட்டம்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவனும் பேசவில்லை. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

படத்துக்குள் ஒரு 'ட்' சேர்ந்தால் பட்டம். உயரத்தில் இருந்து பார்க்கும், ஆனால் நூல் கீழே ஒரு கையில் இருக்கும். தொலைபேசியில் சந்தேகம் வந்தால் "காத்துல விடுற பட்டம்" என்று மூன்றே சொல்லில் தீர்த்துவிடலாம். குரல் தட்டச்சு முதல் முறையே சரியாக எழுதியது. ஆறு பேருக்கு அனுப்பியதில் ஐந்து பேர் ஒரே மாதிரி ஆங்கிலத்தில் எழுதினார்கள். எழுத்துகளைப் பாருங்கள்: ப, ட, ம. தமிழில் இவற்றைவிட எளிய வடிவங்கள் குறைவு, சுழிகள் இல்லை, பக்கத்துக்கு நீளும் கொம்புகள் இல்லை. 1080க்கு 1920 அளவுள்ள செங்குத்து வீடியோவின் மூலையில் வாட்டர்மார்க்காகச் சின்னதாக வைத்து, நன்றாகச் சுருக்கி ஏற்றி, போனில் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். சுழி நிறைந்த எழுத்துகளின் உள்வட்டங்கள் அந்தச் சுருக்கத்தில் அடைத்துப்போய்ப் புள்ளியாகிவிடும். இது அடைக்கவில்லை. பெயர் தேடுகிறவர்கள் தயவுசெய்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், உங்கள் பெயர் வாழப்போவது அசையும் படத்தின் மேலே, ஒரு மூலையில்.

இவ்வளவு ஆன பிறகு தேடலில் இறங்கினோம். இதில் மூன்று தனித்தனிக் கதவுகள். நிறுவனப் பதிவு ஒன்று, வணிகக் குறி ஒன்று, இணைய முகவரியும் சமூக ஊடகப் பெயரும் ஒன்று. ஒன்றில் கிடைத்தால் மற்றதிலும் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. டாட் காமில் அந்தச் சொல் மட்டும் காலியாக இல்லை, அதை எதிர்பார்த்தோம். வணிகக் குறிதான் கண்ணைத் திறந்தது. நீஸ் வகைப்பாடு என்ற உலகப் பொதுப் பட்டியல் எல்லாப் பொருளையும் சேவையையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கிறது. விளையாடும் பட்டம் 28-ஆம் வகுப்பு, பொம்மைகளோடு. அங்கே யார் வைத்திருந்தாலும் நமக்குப் பெரிதாகக் கவலையில்லை. வீடியோ தயாரிப்பு 41-ஆம் வகுப்பு. அந்த 41-க்குள்தான் கல்வியும் பயிற்சியும் இருக்கின்றன. கல்வி என்றால் பட்டம்! படித்து வாங்கும் பட்டம். எங்களுக்கு அது காற்றில் ஆடும் பட்டமாகவே தெரிந்ததால் இந்த அர்த்தம் மூளையிலேயே ஏறவில்லை. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இலவசத் தேடல் தளத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டுகளை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, முடிவுகளோடு ஒரு வழக்கறிஞரிடம் போனோம்.

வெறும் 'பட்டம்' போதாதென்றால், பின்னால் 'ஸ்டுடியோஸ்' என்று சேர்த்தால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். தொழிலைச் சொல்லும் சொல்லை ஒப்பிடும்போது பெரிதாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், எஞ்சி நிற்பது அதே பட்டம்தான், முன்னால் வேறு ஏதாவது உருவமுள்ள சொல் சேர்த்துப் பாருங்கள் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கொடுத்த கட்டணம் தகும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னோம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "வெறும் பட்டம் எப்படிப் பறக்கும்? வால் கட்டினாத்தானே தலை சுத்தாம நிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

வால் பட்டம். காற்றில் ஆட்டத்தை அடக்கி நிலையாக நிறுத்துவது வால், எங்கள் ஸ்டெபிலைசர் செய்யும் வேலை. சுட்டித்தனமான பிள்ளையையும் வால் என்போம், அது தம்பிக்குக் கச்சிதம். தனிப் பட்டத்தைவிட இது மனதில் ஒரு படமாகவே விழுகிறது. அம்மாவிடம் இரண்டு நாள் கழித்து நான் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லி முடித்திருந்தார்.

தமிழாசிரியையான என் பெரியம்மா ஒரு திருத்தம் சொன்னார். இலக்கணப்படி புணர்ந்தால் 'வாற்பட்டம்', வாற்கோதுமை மாதிரி. அவர் சொன்னது சரி, அதை ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் எந்தக் குழந்தையும் வாற்பட்டம் விடுவதில்லை. சொல் வாயில் வருகிறபடியே இருக்கட்டும் என்று இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக எழுதினோம். பெரியம்மாவும் ஒத்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் 'வால்' எழுத 'ஏ' ஒன்றா இரண்டா என்பது மட்டும் பாக்கி. இரண்டு வைத்தோம். ஒற்றை 'ஏ' முகவரியையும் வாங்கி இங்கே திருப்பிவிட்டோம். யூடியூபில் ஹேண்டில், அதாவது சேனலின் பயனர் பெயர், 3 முதல் 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அதில் தாராளமாக அடங்கியது. எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில், ஒரே மாதிரி எழுதிப் பதிவு செய்தோம். அன்று மாலையே 41-ஆம் வகுப்பில் விண்ணப்பமும் போட்டாயிற்று. எண் கிடைத்துவிட்டது, பரிசீலனை நடந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம், தாத்தாவை உட்காரவைத்து, அவர் பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமாம். எந்த வழியாக வந்தார் என்று பார்த்தேன். ஒற்றை 'ஏ' முகவரி.