200, 300, 600 யார்டு: ரைஃபிள் நாட்குறிப்பு

மார்ச் 9, ஞாயிறு

ஒருவழியா போயிட்டு வந்துட்டேன். பக்கத்து ஊர் ரைஃபிள் கிளப்புல புதுசா வர்றவங்களுக்கு ஒரு நாள் கிளினிக், காலைல 7 மணிக்கே வரச் சொல்லிட்டாங்க, ஒஹாயோல மார்ச் மாசம்னா இன்னும் குளிர் விட்டபாடில்ல, ரேஞ்சுல புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடந்துச்சு. நான் கடைசியா துப்பாக்கியத் தொட்டது பாளையங்கோட்டைல காலேஜ் படிச்சப்போ என்சிசில. .22 ரைஃபிள், 25 மீட்டர், குப்புறப் படுத்து அஞ்சே அஞ்சு ரவுண்டு, அதாவது தோட்டா. அந்த அஞ்சு ரவுண்டுக்காக ஒரு வருஷம் பூரா பரேடு போயிருக்கேன். அஞ்சு ஓட்டையும் உள்ளங்கைக்குள்ள அடங்கிருச்சுன்னு ஹவில்தார் தோள்ல தட்டுனது இன்னும் ஞாபகத்துல இருக்கு.

இங்க விசால இருந்த வருஷமெல்லாம் இதப்பத்தி யோசிக்கவே இல்ல. விசாக்காரங்க துப்பாக்கி வச்சுக்க சட்டத்துல தடை இருக்கு, ஒண்ணு ரெண்டு விலக்கு உண்டுன்னாலும் நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். சிட்டிசன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்பதான் தைரியம் வந்துச்சு.

சர்வீஸ் ரைஃபிள் போட்டின்னா, ராணுவத்துல குடுக்கற மாதிரியான ரைஃபிள வச்சு சுடறது. இப்ப முக்கால்வாசி பேர் கைல ஏஆர்-15 தான், 20 இன்ச் பேரல். டிரிகர் குறைஞ்சது நாலரை பவுண்டு எடை தாங்கணும், எடைக்கட்டிய தொங்கவிட்டு செக் பண்றாங்க. ஸ்கோப் 2016-லேர்ந்துதான் அனுமதி, அதுவும் 4.5 மடங்குக்கு மேல பெருசாக்கக் கூடாது. கீழ முட்டுக் குடுக்க ஸ்டாண்டு, மூட்டை எதுவும் கிடையாது. உடம்பும், ரைஃபிள்ல மாட்டியிருக்கற ஸ்லிங்குங்கற பட்டையும்தான்.

முதல் அரை நாள் துப்பாக்கியவே தொடவிடல, பாதுகாப்பு மட்டும்தான். சேம்பர்ல, அதாவது ரவுண்டு போய் உக்கார்ற இடத்துல, மஞ்சக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் கொடி சொருகியிருக்கும், அது இருந்தா உள்ள ரவுண்டு இல்லன்னு தூரத்துலேர்ந்தே தெரியும். யாராவது டார்கெட் பக்கம் போனா ரைஃபிள் பக்கத்துலகூட யாரும் போகக் கூடாது. இத ஏழெட்டு தடவை சொன்னாங்க, சொல்லணும்தான்.

மத்தியானம் கிளப் ரைஃபிள குடுத்து 10 ரவுண்டு. எனக்கு சொல்லிக்குடுத்தவர் எழுபது வயசு தாண்டுன பெரியவர், வியட்நாம் போயிட்டு வந்தவர். ஒவ்வொரு தடவை சுட்டதும் "எங்க?"ன்னு கேட்டார், டிரிகர் விழுந்தப்போ குறி எங்க இருந்துச்சுன்னு. நடுவுலன்னு சொன்னேன். டார்கெட் மேல ஏறுச்சு, கீழ இடதுபக்கம் 6 மார்க் வட்டத்துல ஓட்டை. மறுபடி "எங்க?" மறுபடி நடுவுலன்னேன், இந்தத் தடவை வலதுபக்கம் 7. அவர் கோவப்படல, மெதுவா சொன்னார், நீ பார்த்தத சொல்லல, ஆசப்பட்டத சொல்றன்னு.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதேதான் மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

மார்ச் 14, வெள்ளி

வீட்ல பேசியாகணும், தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். ராத்திரி தோசை ஊத்திட்டு இருக்கும்போது ஆரம்பிச்சேன்.

"ஏங்க, வீட்ல எட்டு வயசுப் பொண்ணு இருக்கா, டிவில தினம் என்ன காட்டுறான்னு பாக்கறீங்கதானே?"

"பாக்கறேம்மா. அதனாலதான் கேக்காம எதுவும் செய்யல."

அவ பயம் நியாயம். இந்த நாட்டுல ஒவ்வொரு வாரமும் ஒரு செய்தி வருது, ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு ஒளிஞ்சுக்க டிரில் நடத்துறாங்க, என் பொண்ணும் டேபிளுக்கு அடில உக்காந்துட்டு வந்திருக்கா. அதையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு இது வெறும் விளையாட்டுன்னு என்னால சொல்ல முடியாது. கடைசில முடிவானது இது: இந்த வருஷம் கிளப் ரைஃபிள்தான், போட்டிக்கும் பயிற்சிக்கும் வாங்கிட்டுப் போய் திருப்பிக் குடுத்துடணும். எப்பவாவது வீட்டுக்கு வந்தா மொதல்ல தரையோட போல்ட் அடிச்ச ஸ்டீல் பெட்டி, அப்புறம்தான் ரைஃபிள், ரவுண்டு வேற ரூம்ல வேற பூட்டுல. அவ சரின்னா. மனசார சொன்னாளான்னு தெரியல, ஆனா சொன்னா.

மார்ச் 27, வியாழன்

டிரை ஃபயர் பண்ண, அதாவது ரவுண்டு இல்லாம டிரிகர் அழுத்திப் பழக, கிளப்பே பயிற்சித் துப்பாக்கி ஒண்ணு குடுத்துருக்கு, ரவுண்டே ஏத்த முடியாதபடி பண்ணி வச்சது. எடையும் டிரிகரும் மட்டும் அசல் மாதிரியே. தினம் ராத்திரி 9 மணிக்கு பேஸ்மென்ட்ல இருவது நிமிஷம். எதிர் சுவத்துல பட்டன் சைஸுக்கு ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருக்கேன்.

நின்னுட்டு சுடறதுதான் இருக்கறதுலயே கஷ்டம், ஸ்லிங்க கைல சுத்திக்கவும் கூடாது. இடது முழங்கைய விலா எலும்புல முட்டுக்குடுத்து, இடுப்ப டார்கெட் பக்கமா லேசா தள்ளி, எலும்பு மேல எலும்பு உக்கார்ற மாதிரி நிக்கணும். தசையால தூக்குனா பத்தாவது செகண்டுல நடுக்கம் வந்துரும். கண்ண மூடி ரெண்டு மூச்சு விட்டுட்டுத் திறந்தா குறி எங்க நிக்குதோ அதுதான் உடம்போட இயல்பான திசை, அது புள்ளிய விட்டு விலகி இருந்தா கையால இழுத்து சரிபண்ணக் கூடாது, காலை நகத்தணும். அரை இன்ச் பாதம் நகந்தா போதும், குறி தானா புள்ளிக்கு வந்து நிக்குது. இது புரிய எனக்கு பத்து நாள் ஆச்சு.

குறி எப்பவுமே நிக்காது, ஆடிட்டேதான் இருக்கும். நிக்கட்டும்னு காத்திருந்து, நின்ன அந்த நிமிஷத்துல வெடுக்குனு இழுத்தா அங்கதான் போச்சு. ஆடட்டும்னு விட்டுட்டு டிரிகர மட்டும் மெல்ல மெல்ல அழுத்திட்டே இருக்கணும்.

ஏப்ரல் 12, சனி

உக்காந்து வேகமா சுடற பயிற்சி. 200 யார்டு, 60 செகண்டு, 10 ரவுண்டு. ரெண்டு காலையும் மடக்கி முழங்கைய முட்டிக்கு உள்பக்கம் வச்சு குனிஞ்சு உக்காரணும், நாப்பத்தி மூணு வயசுல தொடை ரெண்டும் கெஞ்சுது. ஸ்லிங்க மேல்கைல இறுக்கினதுல பத்து நிமிஷத்துல விரல் மரத்துப்போச்சு, ஆனா அந்த இறுக்கம்தான் ரைஃபிள தோளோட கட்டி வைக்குது.

ரவுண்டு அடைக்கற மேகசின் ரெண்டு. மொதல்ல 2 ரவுண்டு, கழட்டிட்டு அடுத்ததுல 8. அஞ்சு அஞ்சா பிரிக்காம ஏன் ரெண்டும் எட்டும்னு கேட்டேன். எம்1 கேரண்ட் காலத்துப் பழக்கமாம், அந்த ரைஃபிளோட கிளிப்புல 8 ரவுண்டுதான் பிடிக்கும், மீதி ரெண்ட தனியா ஏத்துவாங்க. ரெண்டாம் உலகப் போர் துப்பாக்கியோட கணக்கு இன்னைக்கும் என் கைல ஓடுதுன்னு நெனச்சா எனக்கு சிலிர்த்துச்சு. இதோட தேசியப் போட்டிக்கே வயசு நூறுக்கு மேல, 1903-ல நியூ ஜெர்சில சீ கர்ட்ல ஆரம்பிச்சது, 1907-லேர்ந்து நம்ம ஒஹாயோல ஈரி ஏரிக்கரைல கேம்ப் பெர்ரிக்கு வந்துருச்சு. எங்க வீட்லேர்ந்து கார்ல ஒன்றரை மணி நேரம். இத்தன வருஷம் அந்தப் பக்கமா பிக்னிக் போயிருக்கேன், தெரியவே தெரியாது.

மே 10, சனி

முதல் மேட்ச். 50 ரவுண்டு, 500 மார்க்.

பாதிப் பேர் சுடும்போது மீதிப் பேர் பிட்டுல. பிட்டுன்னா டார்கெட்டுக்குக் கீழ, கான்க்ரீட் சுவருக்குப் பின்னாடி இருக்கற பள்ளம். எனக்கு முதல்ல பிட் வேலை. தலைக்கு மேல ரவுண்டு போகும்போது சாட்டைய சொடுக்குன மாதிரி ஒரு சத்தம், அதுக்கப்புறம்தான் தூரத்துலேர்ந்து துப்பாக்கி சத்தம் வருது. சொடுக்குனதும் டார்கெட்ட கீழ இறக்கி, ஓட்டைல ஒரு வட்டத் தகட்ட சொருகி, பழைய ஓட்டைல பேப்பர் ஒட்டி, மார்க்கு காட்டற ஆரஞ்சு தகட்ட ஓரத்துல அதுக்குரிய இடத்துல மாட்டி மேல ஏத்தணும். எல்லாம் இருவது செகண்டுக்குள்ள, லேட்டானா அங்க ஒருத்தர் மூச்சப் பிடிச்சுட்டு காத்துட்டு இருப்பார். முகம் தெரியாத ஒருத்தருக்காக கை வலிக்க டார்கெட் இழுக்கறோம், கொஞ்ச நேரம் கழிச்சு அவர் நமக்காக இழுக்கறார். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

அப்புறம் என் முறை. வலது ரெடியா, இடது ரெடியா, லைன் பூரா ரெடின்னு மைக்ல சொல்லும்போது நெஞ்சு அடிக்கறது காதுமூடிக்குள்ள எனக்கே கேட்டுச்சு. நின்னுட்டு 71. உக்காந்து 84. 300 யார்டு படுத்து 70 செகண்டுல 88, அதுல ஒரு எக்ஸ். எக்ஸுன்னா பத்துக்குள்ள இருக்கற சின்ன வட்டம், மார்க்கு சமமா வந்தா அத வச்சுதான் முடிவு.

600 யார்டு, படுத்து, 20 நிமிஷத்துல 20 ரவுண்டு. அங்க டார்கெட்டோட கறுப்பு வட்டம் மூணு அடி அகலம், ஆனா ஸ்கோப்புல பாத்தா மிளகு மாதிரி இருக்கு. என் டார்கெட் நம்பர் 7. பத்து ரவுண்டு நல்லாவே போச்சு. பாய் சுருங்கியிருந்துச்சுன்னு முழங்கைய எடுத்து பாயை இழுத்து விட்டு மறுபடி படுத்தேன், குறி அழகா நின்னுச்சு, சுட்டேன். டேட்டா புக்குல, அதாவது குறி எங்க இருந்துச்சு, ரவுண்டு எங்க விழுந்துச்சுன்னு ரெண்டு புள்ளி வைக்கற நோட்டுல, நடுவுல புள்ளி வச்சேன், இந்தத் தடவை நிஜமாவே பார்த்தத வச்சேன், ஆசைய இல்ல. ஆனா என் டார்கெட் கீழயே இறங்கல. பக்கத்து 8-ம் நம்பர் இறங்கி ஏறுச்சு, ரெண்டு ஓட்டையோட.

முழங்கை நகந்ததுல உடம்போட திசை மாறிப்போச்சு, நான் நம்பர பாக்கவே இல்ல. பக்கத்துல படுத்திருந்த அம்மாவுக்கு நஷ்டமில்ல, ரெண்டுல பெரிய மார்க்கு எதுவோ அது அவங்களுக்கு. எனக்கு பூஜ்யம். எழுந்ததும் போய் மன்னிப்பு கேட்டேன், அவங்க என் கையப் பிடிச்சு, நான் முதல் வருஷம் மூணு தடவை இப்படி பண்ணியிருக்கேன், இனிமே ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்னாடியும் நம்பர வாய்விட்டு சொல்லுன்னாங்க.

600-ல 146. மொத்தம் 389, 2 எக்ஸ். நூத்துக்கு 84-க்குக் கீழன்னா மார்க்ஸ்மேன், அதான் கடைசி வகுப்பு. அங்கேர்ந்துதான் எல்லாரும் ஏறியிருக்காங்க.

மே 11, ஞாயிறு

முழங்கை ரெண்டும் கன்னிப்போச்சு. வீட்ல பழைய ஜீன்ஸ வெட்டி என் ஸ்வெட்ஷர்ட் கைல ரெண்டு பக்கமும் அடிச்சுக் குடுத்துட்டா, நான் கேக்கவே இல்ல.

ஜூன் 14, சனி

ரெண்டாவது மேட்ச். நல்ல வெயில், காத்து விட்டு விட்டு அடிக்குது. பெரியவர் 600 யார்டுக்கு முன்னாடி பக்கத்துல வந்து படுத்து ஸ்பாட்டிங் ஸ்கோப்புங்கற தொலைநோக்கியத் திருப்பி டார்கெட்டுக்கு கொஞ்சம் இந்தப் பக்கமா ஃபோகஸ் வச்சுக் குடுத்தார், பாருன்னார். கானல் ஓடுது! ஆத்துத் தண்ணி மாதிரி இடதுலேர்ந்து வலதுக்கு. கொடி ஒரு இடத்துல காத்து எப்படின்னு சொல்லும், கானல் வழி பூரா சொல்லும். 10 மைல் வேகத்துல குறுக்குக் காத்து அடிச்சா 77 கிரெய்ன் எடையுள்ள ரவுண்டு 600 யார்டுல முப்பது இன்ச்சுக்கு மேல தள்ளிப்போகும், பத்தாம் வட்டமே 12 இன்ச்தான். பாத்துட்டே இருக்கும்போது கானல் நின்னு நேரா மேல கொதிக்க ஆரம்பிச்சுது. இப்ப சுடாதேன்னார், கொதிச்சா காத்து திரும்பப்போகுதுன்னு அர்த்தம். ஒரு நிமிஷத்துல அப்படியே வலதுலேர்ந்து இடதுக்கு ஓடுச்சு. முன்ன அடிச்ச காத்துக்காக ஸ்கோப்புல நான் திருப்பி வச்ச கிளிக்கோட சுட்டிருந்தா வெளியவே போயிருக்கும்.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் "ஏழு"ன்னு தமிழ்ல வாய்விட்டு சொன்னேன். இன்னைக்கும் அதே 7-ம் நம்பர்தான் விழுந்துச்சு.

நின்னுட்டு 78, உக்காந்து 90, படுத்து 92, 600-ல 161. மொத்தம் 421, 4 எக்ஸ். இன்னைக்கி மட்டும் கணக்கு பண்ணா நூத்துக்கு 84 தாண்டிருச்சு, அடுத்த வகுப்பான ஷார்ப்ஷூட்டரோட வாசப்படி.

ஆனா நான் மறுபடி மறுபடி நெனச்சுப் பாக்கறது நின்னு சுட்டதுல ஒன்பதாவது ரவுண்டு. டிரிகர் விழுந்த அந்த நொடியிலேயே தெரிஞ்சுது, வெடுக்குனு இழுத்துட்டேன், குறி இடதுபக்கமா கீழ இறங்கிட்டு இருந்துச்சு. ஸ்கோப்புல பாக்கறதுக்கு முன்னாடி புக்குல எட்டு மணி திசைல 7-ன்னு புள்ளி வச்சேன். டார்கெட் ஏறுச்சு. எட்டு மணி திசைல 7. பின்னாடி நின்ன பெரியவர் புக்க எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, முதுகுல ஒரு தடவை தட்டினார். பாளையங்கோட்டை ஹவில்தார் தட்டுன அதே இடம்.

ஜூன் 15, ஞாயிறு

டேட்டா புக்க சாப்பாட்டு மேசைல விரிச்சு எண்ணினேன். நின்னு சுட்ட பத்துல ஏழு, நான் சொன்ன இடத்துலயே விழுந்திருக்கு. மார்ச்சுல ஒண்ணுகூட இல்ல. பொண்ணு வந்து பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தா.

"அப்பா, இந்த மூணுல மட்டும் ஏன் ரெண்டு புள்ளியும் தள்ளித் தள்ளி இருக்கு?"

"அது மூணும் அப்பா சரியா பாக்காம விட்டது கண்ணு."

"அப்ப அடுத்த தடவை கண்ண மூடாதீங்க"ன்னா. டிரிகர் விழும்போது நான் கண் சிமிட்டுறேனான்னு இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. நாளைக்கி ராத்திரி ஃபோன எதிர வச்சு வீடியோ எடுத்துப் பாக்கணும்.