கம்ப்யூட்டரின் இரைச்சலைக் குறைத்தேன்: மணவாளக்குறிச்சியில் மூன்று மாத முயற்சி

அப்பா 1980களில் கோயில் கொடை விழாக்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் 64 என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நாடாவின் இரைச்சலைக் குறைத்துச் சேமிக்கும் வேலையை இரண்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இந்த வேலைக்குக் காதுதான் முதல் கருவி. உடுக்கையின் ஓசை எங்கே அடங்குகிறது, நாடாவின் ‘ஸ்ஸ்’ எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும். மேசைக்கு அடியில் இருந்த என் கம்ப்யூட்டரும் அதே ‘ஸ்ஸ்’ ஒலியை இடைவிடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது.

ஓர் இரவு சுடலைமாடன் கதையில் ஒரு பகுதி மிகவும் இரைகிறது என்று நினைத்து, வடிகட்டும் அளவைக் கூட்டிவிட்டேன். மறுநாள் அடுக்களையில் கைபேசியில் போட்டுக் கேட்டால், வில்லில் கட்டிய மணிகளின் ஓசையே தேய்ந்துபோயிருந்தது. கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சலை நாடாவின் இரைச்சல் என்று நினைத்துப் பாட்டை வெட்டியிருக்கிறேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியாது, காது வலிக்கும். கம்ப்யூட்டர் ஓசையில்லாமல் ஓடியே ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பக்கத்து அறையில் படுக்கும் அம்மாவும் பல நாளாக, “மக்களே, அந்தப் பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்கு” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

வேகமும் தேவைப்பட்டது. இப்போது நடக்கும் கொடைகளை நான் வீடியோவாகவும் எடுக்கிறேன். என்னிடம் இருந்தது பி450 மதர்போர்டு, ரைசன் 3 2200ஜி ப்ராசசர், 16 ஜிபி ரேம். 2018ல் வெளிவந்த, நான்கு கோர் (கணக்கிடும் மையம்) மட்டுமே உள்ள ப்ராசசர் அது. எடிட் செய்த ஒரு மணி நேர வீடியோவை இறுதிக் கோப்பாக ஏற்றுமதி செய்ய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் விசிறி அலறும். வேகத்தைக் கூட்டி ஓசையைக் குறைக்க வேண்டும், செலவு 30,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறு முனையைப் பெட்டியின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துக் கேட்டேன். ப்ராசசர் விசிறிதான் குற்றவாளி என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது இரண்டாவது இடத்தில்தான் இருந்தது. முதல் இடம், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்-க்கு. அதன் விசிறி தேய்ந்து ‘கர்ர்’ என்று உராய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது, முன்பக்க விசிறி. அதன் வலையைக் கழற்றிப் பார்த்தபோது தூசியோடு உப்பு ஈரமும் சேர்ந்து களிபோல் அப்பியிருந்தது. இடையிடையே கருமணல் துகள்கள். கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு, தரையில் பெட்டி என்றால் மணல் உள்ளே வரத்தான் செய்யும். அன்றே பெட்டியைத் தூக்கி ஒன்றரை அடி உயர முக்காலியில் வைத்தேன்.

கைபேசிச் செயலியில் ஓசையையும் அளந்து வைத்துக்கொண்டேன். இந்தச் செயலிகள் காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் ஒரே கைபேசியை ஒரே இடத்தில் வைத்து அளந்தால் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். நான் உட்காரும் இடத்தில், எல்லாம் அணைத்த இரவில் 30 டெசிபல். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 38. வீடியோ ஏற்றுமதியின்போது 45. டெசிபல் கணக்கில் பத்து கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும்.

இதன் பிறகுதான் தேர்வு. இந்த மூன்று மாதத்தில் நான் கற்ற முக்கியமான பாடம் இங்கேதான் இருக்கிறது: அமைதி வேண்டும் என்றால் முதலில் வாட்டைப் பார்க்க வேண்டும், வேகத்தை அதன் பிறகு. ஒரு சில்லு தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக வெளியே வருகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் விசிறியின் வேலை. முதலில் சூடான பொருளை வாங்கிவிட்டு, பிறகு விலையுயர்ந்த விசிறியால் அதை அமைதிப்படுத்தப் பார்ப்பது இரண்டு முறை பணம் கொடுப்பதாகும்.

பழைய மதர்போர்டையே வைத்துக்கொள்வது என்று முடிவானதால், ப்ராசசர் அதன் சாக்கெட்டில் பொருந்தும் ஏஎம்4 வகையில்தான் இருக்கவேண்டும். ரைசன் 5800எக்ஸ்-ஐ முதலிலேயே ஒதுக்கினேன். அட்டைப்பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேலையில் 142 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. 65 வாட் என்று போட்ட ப்ராசசர்களுக்கும் உண்மையான மேல்வரம்பு, மாடலைப் பொறுத்து, 76 அல்லது 88 வாட். இது தெரியாமல் அட்டைப்பெட்டி எண்ணை மட்டும் நம்பி, ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலரை வாங்குகிறவர்கள் பலர். மிஞ்சியவை 5600ஜி, 5600, 5700எக்ஸ். மூன்றுமே 65 வாட் வகைதான்.

5600ஜி-யிடம் நீண்ட நேரம் நின்றேன். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. தனிக் கார்டு வேண்டாம். ஒரே ஒரு வெப்ப மூலம். கேசட் வேலை மட்டும் என்றால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன். எழுதுவது, படம் பார்ப்பது, பாட்டுப் பதிவு, பிள்ளைகளின் படிப்பு என்று பயன்படுத்துகிறவர்கள் அங்கேயே நின்றுவிடலாம். தனிக் கார்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதே இல்லை. எனக்கு வீடியோ இருந்ததால் 5600 எடுத்தேன். ஆறு கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் 12 வேலைத்தொடர்), ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பி. 5600ஜி-யில் அது 16 எம்பி. 5700எக்ஸ்-இல் இன்னும் இரண்டு கோர் கூடுதல், ஆனால் அந்தப் பணம் எஸ்எம்பிஎஸ்-க்குத் தேவைப்பட்டது.

5600-க்குள் கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு வேண்டும். அந்தக் கிராபிக்ஸ் கார்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, மீனாட்சிபுரத்தில் இறங்கி இரண்டு கடைகளில் கேட்டேன். முதல் கடையில் இருந்த தம்பி, “அண்ணே, பழைய ஆர்எக்ஸ் 580 ஒன்று இருக்கிறது, விலை குறைவு, வேகம் நன்றாக இருக்கும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் கார்டு 185 வாட். ஆர்எக்ஸ் 6600 வேகத்துக்கும் விலைக்கும் இன்னும் நல்லது. விளையாட்டுக்காக வாங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். அதுவும் 132 வாட். நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை 75 வாட். மதர்போர்டின் ஸ்லாட் வழியாகவே கொடுக்கக்கூடிய மின்சாரம் அவ்வளவுதான். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி மின்கம்பி தேவையில்லை; பெட்டிக்குள் காற்றோட்டத்தை மறைக்கும் கம்பியும் ஒன்று குறையும்.

அந்த எல்லைக்குள் மூன்று இருந்தன. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட். மனம் முதலில் அதில்தான் விழுந்தது. விவரங்களைப் படித்த பிறகு கைவிட்டேன். வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் என்கோடர் அதில் இல்லை. ஏற்றுமதியின் முழுச் சுமையும் ப்ராசசர் மேல் விழும். மேலும் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் அது நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. 4.0 தலைமுறை போர்டில் அது போதும். என் பி450 போன்ற 3.0 போர்டில் அந்தப் பாதையின் அகலம் பாதியாகிவிடும். ஜிடிஎக்ஸ் 1650 நல்ல கார்டு, 75 வாட், ஆனால் 2019ஆம் ஆண்டுடையது, 4 ஜிபி நினைவகம். கடைசியாக, 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம். 70 வாட், என்கோடர் உண்டு. வாங்கும்போது எச்சரிக்கையாக இருக்கவேண்டும்: இதே பெயரில் இருக்கும் 8 ஜிபி கார்டு 130 வாட், அது வேறு பொருள். ரசீதில் ‘6 ஜிபி’ என்று எழுதச் சொல்லித்தான் வாங்கினேன்.

விசிறியே இல்லாத கார்டு ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். இதே 3050 6 ஜிபி-யைப் பாலிட் நிறுவனம் கால்ம்எக்ஸ் என்ற பெயரில் விசிறி இல்லாமல் வெளியிட்டிருக்கிறது. ஆசை இருந்தது. ஆனால் அத்தகைய கார்டு தன் வெப்பத்தைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடும். அதை வெளியேற்ற வேறு விசிறி உழைக்கவேண்டும். ஏசி இல்லாத என் அறையில் மதியம் 32, 33 டிகிரி இருக்கும். இங்கே அது எனக்குச் சரிவராது என்று இரட்டை விசிறிக் கார்டை எடுத்தேன்.

எஸ்எம்பிஎஸ்-க்கு 450 வாட் போதும். ப்ராசசர், கார்டு, மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் உச்சத்தில் 200 வாட்டைத் தாண்டாது. பாதிச் சுமைக்கும் கீழே ஓடும்போது அதன் 120 மில்லிமீட்டர் விசிறி சோம்பலாகச் சுழல்கிறது. பழையதைத் திறந்து விசிறியை மட்டும் மாற்றலாம் என்று ஒருவர் சொன்னார்; செய்யவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிரை எடுக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். கோபுர வடிவக் கூலர் ஒன்று, பெட்டிக்கு இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறிகள். மொத்தம் 33,000-ஐத் தொட்டது. எல்லை மீறிய மூவாயிரம் எஸ்எம்பிஎஸ்-இல் போனது, அதற்கு வருத்தமில்லை.

மாட்டிய நாள் ஐப்பசி மழை. 5600-ஐப் பழைய பயாஸ் (மதர்போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அறியாது என்பதால், பழைய ப்ராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே செத்துவிடலாம். இன்வெர்ட்டர் முழுதாகச் சார்ஜ் ஆகும்வரை காத்திருந்து, அதில் இணைத்துத்தான் தொடங்கினேன். அந்த நாலு நிமிடமும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழைய கூலரைக் கழற்றும்போது அவசரப்படக்கூடாது. ஏஎம்4 ப்ராசசரின் ஊசிகள் ப்ராசசரிலேயே இருக்கும். ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், கூலரோடு ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை வேலை வாங்கிச் சூடாக்கி, பிறகு மின்சாரத்தை நிறுத்தி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித் திருகி எடுத்தேன். பெட்டியின் திருகாணிகளில் பாதி துருப்பிடித்திருந்தன, புதியவை போட்டேன்.

முதல் வாரம் ஏமாற்றம். சும்மா இருக்கும்போது அமைதி. ஆனால் எடிட் செய்யும்போது கார்டின் விசிறி நிற்கும், சூடானதும் சட்டென்று கிளம்பும், இரண்டு நிமிடம் ஓடி நிற்கும், மறுபடி கிளம்பும். ப்ராசசர் விசிறியும் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஏறி இறங்கியது. அளந்தால் 35 டெசிபலைத் தாண்டவில்லை. இருந்தும் முன்பைவிட எரிச்சல் வந்தது. இரவில் எங்கள் வீட்டுக்குக் கடல் இரைச்சல் கேட்கும். யாரும் அதற்காக விழிப்பதில்லை. காது மாற்றத்தைத்தான் கவனிக்கிறது. விசிறியை முழுதாக நிறுத்தும் வசதியை அணைத்துவிட்டு, கார்டின் விசிறிகளை எப்போதும் 30 விழுக்காட்டில் ஓடவிட்டேன். ப்ராசசர் விசிறி வெப்பத்துக்கு உடனே துள்ளாமல் சில வினாடி பொறுத்து மாறும்படி பயாஸில் அமைத்தேன், 65 டிகிரி வரை ஒரே வேகம். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். வேகமாக ஓடும் ஒரு சிறிய விசிறியை விட மெதுவாக ஓடும் இரண்டு பெரிய விசிறிகள் மேல் என்பது இதனால்தான்.

அடுத்து ப்ராசசரின் மின்செலவைக் கட்டுப்படுத்தும் எக்கோ மோடு. பயாஸில் 45 வாட் என்று தேர்ந்தெடுத்தால் உண்மையான மேல்வரம்பு 76-இலிருந்து ஏறத்தாழ 60-க்கு இறங்கும். ஒரு கேசட் பக்கத்துக்கு இரைச்சல் நீக்க முன்பு 6 நிமிடம் 40 வினாடி. இப்போது 7 நிமிடம் 10 வினாடி. இந்த அரை நிமிடத்துக்குக் கிடைத்தது 11 டிகிரி குறைவு. இவ்வளவு மலிவான பேரம் இந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதிலும் கிடைக்கவில்லை. மின்னழுத்தத்தையும் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன்: அதற்குப் பயாஸில் இருக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எதிர்மறை 20 வைத்தபோது, இரவில் இரண்டு முறை தானாக மறுதொடக்கம் ஆகி ஒரு மணி நேரப் பதிவு போயிற்று. 15-க்கு மாற்றினேன், ஆறு வாரமாகச் சிக்கல் இல்லை.

இப்போது சும்மா இருக்கும்போது 31, ஏற்றுமதியின்போது 34 டெசிபல். ஒரு மணி நேர வீடியோ 16 நிமிடத்தில் முடிகிறது. முன்பக்க வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுகிறேன். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை தேவைப்படும் என்று தோன்றுகிறது.

நான் கெடுத்துவைத்திருந்த சுடலைமாடன் கதையை மூல நாடாவிலிருந்து மறுபடி ஏற்றினேன். மணிகள் இருக்கின்றன. வீசுகோல் வில்லில் பட்டதும் அவை சிலிர்த்து அடங்கும் அந்த வால் ஓசை முழுதாகக் கேட்கிறது. அதற்குப் பின்னால் தூரத்தில் ஜெனரேட்டர் ஓடுவதும் கேட்கிறது. அதை நீக்கவில்லை.

விசிறிகள் அடங்கியதும் இதுவரை தெரியாத ஒன்று வெளிப்பட்டிருக்கிறது: பழைய ஹார்ட் டிஸ்க்கின் ‘டிக் டிக்’. அதைத் திருகாணியிலிருந்து விடுவித்து, ரப்பர் பட்டைகளில் தொங்கவிட்டுப் பார்க்கப் போகிறேன். 64 கேசட்டுகளில் 27 முடிந்திருக்கின்றன.