வலதுபுறத்தில் இருந்தவன்

"அப்ப அந்த ஆயிரம் பேர்ல நானும் ஒருத்தனா அண்ணே?"

ஆராதனை முடிந்து வாசலில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கோபமாகக் கேட்கவில்லை. கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாளைக்குக் கடை உண்டா என்று விசாரிப்பவன் மாதிரித்தான் கேட்டான். "அப்படியெல்லாம் நினைக்காதே தம்பி, கர்த்தர் உனக்கும் ஒரு வழி வைத்திருப்பார்" என்றேன். அப்புறம், வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

அது 2017 டிசம்பர் 31 இரவு. அரை மணி நேரம் முன்புதான் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்லியிருந்தேன். 91ஆம் சங்கீதம் வாசித்தேன். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." இந்த வருஷம் பயறு வியாபாரத்தில் எத்தனையோ பேர் விழுந்தார்கள், என் சாமர்த்தியத்தால் அல்ல, கர்த்தர் உணர்த்தியதால் நான் தப்பினேன் என்றேன். சொல்லும்போது என் கண் கலங்கியது உண்மை. தம்பி அப்போது வலதுபக்கம் மூன்றாவது பெஞ்சில் இருந்தான். என் உளுந்தை வாங்கியவன் அவன்தான்.

ரங்கூனில் இருப்பவர்களுக்கு அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே தெளிவாகிறது. ஆகஸ்ட் 5ஆம் தேதி இந்தியா துவரை இறக்குமதிக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு வைத்தது. 2015இல் பருப்பு விலை ஏறியதைப் பார்த்து அங்கே விவசாயிகள் எல்லோரும் பயறு போட்டு, விளைச்சல் குவிந்து, ஆதார விலைகூடக் கிடைக்காமல் நின்றார்கள். அவர்களைக் காப்பாற்ற அந்த அரசு கதவைச் சாத்தியது. அது அவர்கள் நியாயம். 21ஆம் தேதி உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று அடுத்த உத்தரவு வந்தது. பர்மா உளுந்து பெரும்பாலும் இந்தியாவை நம்பித்தான் விளைகிறது. இங்கே அதை ஊறப்போட்டு அரைக்கிறவர்கள் நம்மைப் போன்ற சிலர்தான். இங்கே பயறு மொத்த வியாபாரம் நடக்கும் பயின்னவுங் சந்தையில் மறுநாள் வாங்குவதற்கு ஆளில்லை.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் நான் விற்றேன். எஸ்.க்யூ. என்கிற உயர்ந்த ரக உளுந்து, 40 டன்.

தம்பி குடோனுக்கு வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேல்மூட்டையைத் தொடாமல், அடியில் இருந்த ஒன்றை இழுக்கச் சொல்லி, தையலைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டு அள்ளினான். உள்ளங்கையில் பரப்பி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கறுப்பு மணியில் வெள்ளைக் கண் பளிச்சென்று இருந்தது. ஒன்றைக் கடித்து ஈரம் பார்த்தான். "நல்ல சரக்கு அண்ணே. எதுக்கு விக்கிறீங்க?"

"கடன் தவணை இருக்கு தம்பி" என்றேன்.

அது பொய் இல்லை. தவணை இருந்தது. ஆனால் முந்தின நாள் இரவு சென்னையில் இருந்து நான் வழக்கமாகச் சரக்கு அனுப்பும் ஆள் போன் பண்ணியிருந்தார். "துவரைக்குப் போட்டவங்க உளுந்துக்குப் போட மாட்டாங்களா? பார்த்துக்கோங்க" என்றார். அதை நான் தம்பியிடம் சொல்லவில்லை.

எனக்காக நான் பேச வேண்டியதும் இருக்கிறது. அதே பேச்சு அந்த வாரம் ஒவ்வொரு டீக்கடையிலும் ஓடியது. தம்பி சின்னப் பிள்ளை இல்லை, சந்தையில் பத்து வருஷம் இருந்தவன். அவர் சொன்னதும் ஊகம்தான், உத்தரவு வரும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. விலை ஏறியிருந்தால் லாபத்தில் எனக்குப் பங்கு தந்திருப்பானா? எடையில் ஒரு வீசைகூட நான் குறைக்கவில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று அப்பா கடையில் எழுதி ஒட்டியிருந்தார். அந்த வசனத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் நான்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போது சரியாகத்தான் இருக்கிறது. சாட்சிக்கு வந்து சேரும்போதுதான் இடிக்கிறது. ஜெபித்தேன், விற்றுவிடு என்று கர்த்தர் உணர்த்தினார் என்று சொன்னேன். தினமும் காலையில் ஜெபிக்கிறவன்தான். அன்றைக்கும் ஜெபித்திருப்பேன். ஆனால் உளுந்துக்காக ஜெபித்தேனா என்று எத்தனை முறை யோசித்தாலும் நினைவு வரவில்லை. போன் வந்தது நினைவிருக்கிறது, வங்கித் தவணைத் தேதி நினைவிருக்கிறது. "கர்த்தர் உணர்த்தினார்" என்ற வார்த்தை உத்தரவு வந்த பிறகுதான் என் வாயில் வந்தது என்று நினைக்கிறேன். முதலில் மனைவியிடம் சொன்னேன், பிறகு பாஸ்டரிடம். சொல்லச் சொல்ல அதுவே நடந்ததாகிவிட்டது.

என் சாமர்த்தியம் அல்ல என்று சொன்னதைத் தாழ்மை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வார்த்தை என்னைத் தாழ்த்தவில்லை. கர்த்தர் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்ன ஆளாக சபை நடுவில் நிறுத்தியது. சாமர்த்தியமாகத் தப்பினேன் என்று சொல்லியிருந்தால் தம்பி என்னிடம் சண்டை போட்டிருக்கலாம். கர்த்தர் பெயரைச் சொல்லிவிட்டதால் அவன் யாரிடம் போய்ச் சண்டை போடுவான்?

அதற்காக நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? முடியாது. அந்த 40 டன் என் கையில் இருந்திருந்தால் வீடு போயிருக்கும். அவர் காத்தார் என்று இன்றைக்கும் விசுவாசிக்கிறேன். அந்த போனையே அவர்தான் வரவைத்திருக்கலாம். அப்படியானால் அது எனக்கு மட்டும் வந்த போனா, அல்லது என் வழியாக இன்னொருவனுக்கும் போக வேண்டியதா? இந்த இடத்துக்கு வந்தால் ஜெபத்தில் எனக்கு வார்த்தை வருவதில்லை.

தம்பி மனைவியின் நகையை விற்றுக் கடனைத் தீர்த்தான். சபைக்கு வருவதை நிறுத்தவில்லை. 2021இல் இந்தியா மறுபடி திறந்துவிட்டது. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து எடுப்பதாக ஒப்பந்தமும் ஆனது. அவன் மெல்ல சந்தைக்குத் திரும்பினான், இப்போது தரகு மட்டும். வருஷக் கடைசியில் பாஸ்டர் சாட்சி கேட்டால் பிள்ளைகளின் சுகத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். போன் வந்த விஷயத்தை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் மனம் லேசாகும், அவனுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமும் இருக்கிறது.

போன வாரம் குடோன் வாசலில் பைக்கை நிறுத்தி, "உளுந்து என்ன ரேட் போகுது அண்ணே?" என்று கேட்டான். சொன்னேன். சென்னையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும், எனக்குத் தெரிந்தது அத்தனையும் நின்றுகொண்டே சொன்னேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். இவ்வளவு எதற்குச் சொல்கிறார் என்பது போலப் பார்த்தான்.

"சரி அண்ணே" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.