முக்கோண வளையத்தின் பின்னால்: ஆய்வகக் குறிப்புகள்

மார்ச் 4
இன்றைக்குப் பழைய நண்பரைத்தான் முதலில் கூப்பிட்டேன், 18,343.1 மெகாஹெர்ட்ஸ்: சுழலும் மூலக்கூறு ஒன்று தரும் நுண்ணலைக் கோடு, அதன் கைரேகை மாதிரி. சைக்ளோபுரோபீனிலிடீன்: மூன்று கார்பன், இரண்டு ஹைட்ரஜன், ஒரு முக்கோணம். நியானில் கொஞ்சம் அசிட்டிலீன் கலந்து, வாயு பீறிடும் நாசில் வாயில் மின்னழுத்தம் கொடுத்து டிஸ்சார்ஜ் (மின்னிறக்கம்) உண்டாக்கினால் வந்துவிடும். வாயுத் தாரை அதிர்வறையின் (நுண்ணலை முன்னும் பின்னும் எதிரொலிக்கும் கலம்) அச்சோடு போவதால் டாப்ளர் விளைவில், அதாவது மூலக்கூறின் வேகத்தால் அதிர்வெண் நகர்வதில், ஒவ்வொரு கோடும் இரட்டையாகத்தான் தெரியும், நடுப்புள்ளிதான் உண்மையான அதிர்வெண். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத ஜோடி. இதே மூலக்கூறின் 85,338 மெகாஹெர்ட்ஸ் கோடு வானத்தில் பெயரில்லாமல் கிடந்தது, 1985-இல் வானியலாளர் பேட்ரிக் தாடியஸின் குழுதான் யாருடையது என்று சொன்னது.

மார்ச் 5
கார்பன்-13 வேட்டை: ஒரு கார்பன் மட்டும் சற்றுக் கனமான வகையாக இருக்கும் இதே மூலக்கூறைத் தேடுவது. தனியாக வாங்கிய ஐசோடோப்பு எதுவும் இல்லை, இயற்கையில் இருக்கும் 1.1 சதவீதம்தான். ஹைட்ரஜன் ஒட்டிய கார்பன்கள் இரண்டு என்பதால் அந்த வகை 2.2 சதவீதம். ஆனால் அங்கே சமச்சீர் உடைந்து ஆர்த்தோ-பாராப் பிரிவே (இரு ஹைட்ரஜன் அணுக்கருக்களின் ஸ்பின் எப்படிச் சேர்கிறது என்பதை வைத்து வரும் இரு வகை) போய்விடுகிறது, ஆர்த்தோ கோடுகளுக்கு இருந்த கூடுதல் பலமும் அதோடு போகிறது, ஆகவே கோடு தாய் மூலக்கூறில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. இரவு முழுக்கச் சிக்னலைச் சேர்க்க விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 6
காலையில் கணித்த இடத்துக்கு மிக அருகில் ஒரு கோடு! அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: டிஸ்சார்ஜை நிறுத்தினேன். கோடு அசையவே இல்லை, கொஞ்சம் பலமாகக்கூட ஆனது. பக்கத்தில் துழாவினால் அதற்கு இரண்டு மூன்று கூட்டாளிகள். அசிட்டோன்! அசிட்டிலீன் சிலிண்டருக்குள் அது கரைந்திருப்பதே அசிட்டோனில்தான், மெத்தில் குழுக்கள் சுழல்வதால் கோடுகள் இப்படிப் பிளக்கும். தெரிந்த விஷயம்தான், தெரிந்தும் ஏமாந்தேன்.

மார்ச் 9
குழாய் வழியில் உலர்பனிப் பொறி (திட கார்பன் டை ஆக்சைடால் குளிரூட்டி, வேண்டாத ஆவியைப் பிடிப்பது) வைத்தாயிற்று. அசிட்டோன் அங்கேயே திரவமாகத் தங்கிவிடும் அளவுக்கு ஆவி அழுத்தம் விழுகிறது, அசிட்டிலீன் வாயுவாகவே கடந்துவிடும். போலிக் கோடு போயிற்று. அது இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, இரைச்சலுக்கு மேலே மெலிதாக ஒரு ஜோடி. டிஸ்சார்ஜை நிறுத்தினேன், காணோம். மறுபடி போட்டேன், வந்தது. நாலு முறை செய்து பார்த்தேன், நம்பிக்கை இல்லாமல் அல்ல, ஆசையில்.

மார்ச் 10
அடுத்தது முக்கோணத்தின் உச்சியில் தனியாக இருக்கும் கார்பன். எண்ணிக்கை பாதி. ஆனால் சமச்சீர் அப்படியே இருப்பதால் ஆர்த்தோ கோடுகள் கொஞ்சம் கருணை காட்டும். உலர்பனி தீரப் போகிறது, வாளியை நிரப்பிவிட்டுத்தான் சேர்க்கப் போட வேண்டும்.