எந்தப் பருந்துடா அது?

வீட்டில் இன்னும் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அம்மா மட்டும் பேசுகிறார். அதுவும் ஒரே கேள்விதான். "எந்தப் பருந்துடா அது?"

காணும் பொங்கல் காலையில் நடந்தது. முந்தின நாள் திருவள்ளுவர் தினம், கறிக்கடை அடைப்பு. அதனால் மறுநாள் விடியும் முன்பே கடை வாசலில் கூட்டம் கூடிவிடும் என்று அம்மா என்னை நாலரைக்கே எழுப்பிவிட்டார். கறி எப்போது போனாலும் கிடைக்கும். சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், அப்படி இல்லை. தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ரத்தம் ஒன்பதுதான் இருக்கிறதாம். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், அவளும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அம்மாவின் வைத்திய சாஸ்திரத்தில் மாத்திரை என்பது டாக்டர் மனசு நோகக்கூடாது என்பதற்காகச் சாப்பிடுவது. ரத்தம் ஊறுவது சுவரொட்டியில்தான்.

ஒரு ஆட்டுக்கு ஒரே ஒரு சுவரொட்டி. அதிலும் அம்மாவுக்கு வெள்ளாட்டுச் சுவரொட்டிதான் வேண்டும், செம்மறி ஆகாது. கடைக்கார அண்ணன் அதைத் தராசில் போடுவதே கிடையாது. வாழை இலையில் மடித்துக் கல்லாவுக்குக் கீழே வைத்திருப்பார். யாருக்கு என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். நான் பறவை பார்க்கிற ஆள். எங்கள் மாவட்டத்தில் ஆந்தைக் கூடு பார்த்துவிட்டு இடம் சொல்லாத மகானுபாவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் முகமும் கறிக்கடைக்காரர் முகமும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, "தங்கச்சி வந்திருக்குதாமா?" என்று கேட்டு அந்தப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். மணி ஆறரை. நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

போகும் வழியில் காவிரிப் பாலம் இருந்தது என் குற்றமா?

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வேறு நடந்துகொண்டிருந்தது. 2015இல் ஆரம்பித்தது, பொங்கலை ஒட்டி 4 நாள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவையை எல்லாம் எண்ணி, இபேர்ட் என்கிற பறவைக் கணக்கு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம் எங்கள் வீட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது. மாப்பிள்ளை எப்போது வருவார் என்று மாமியார் கேட்டால், "பதினஞ்சு நிமிசத்துல வந்துருவாரு, நீங்க சாப்பிட்டுப் படுங்க" என்பாள் என் மனைவி.

கருங்கல்பாளையம் பக்கம் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். நடு ஆற்றுத் திட்டில் பட்டுப்போன ஒரு மரம். அதன் உச்சியில் விராலடிப்பான்! வெள்ளை வயிறு, கண் வழியாகப் பின்னால் ஓடும் கறுப்புக் கோடு, காலுக்கடியில் பாதி தின்ற மீன். குளிர்காலத்துக்கு வரும் விருந்தாளி. மீனைத் தவிர வேறெதையும் அனேகமாகத் தொடாது. பிடித்த மீனைக்கூடத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் பறக்கும், காற்று தடுக்கக்கூடாதாம். அவ்வளவு நாசூக்கு. கை நடுங்க எங்கள் பறவை பார்ப்போர் குழுவில் போட்டேன்: "விராலடிப்பான், பாலத்துக்குக் கீழே, உடனே வாங்க."

இருபது நிமிடத்தில் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேரில் போய்ப் பாக்கு வெற்றிலை வைத்துக் கூப்பிட்டபோது இதே குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

வந்ததும் சண்டை ஆரம்பித்தது. இக்கரை ஈரோடு, அக்கரை பள்ளிபாளையம், அது நாமக்கல் மாவட்டம். மரம் யாருக்குச் சொந்தம்? நாம் நிற்கும் இடத்தைக் கணக்கில் எடுப்பதா, பறவை உட்கார்ந்திருக்கும் இடத்தையா? ஸ்கோப் அண்ணன் நிற்கும் இடம்தான் என்றார். மஞ்சள் மண்டித் தம்பி செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கோடு மரத்துக்கு மேற்கே போகிறது என்று நிரூபித்தான். அக்கரையிலிருந்து நாமக்கல் வாத்தியார் ஸ்பீக்கரில், "அது எங்க பறவைங்க, நேத்தே பாத்துட்டோம்" என்றார். நேற்றே பார்த்தவர் ஏன் நேற்றே சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. 1979 வரைக்கும் இந்தக் கரை கோயம்புத்தூர் மாவட்டம். 1997 வரைக்கும் அந்தக் கரை சேலம். நாமக்கல் மாவட்டத்தைவிட எங்கள் வீட்டு மிக்சிக்கு வயசு அதிகம். சைபீரியாப் பக்கம் இருந்து வருகிற பறவைக்கு இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது?

இந்தக் கலவரத்தில் நாங்கள் அத்தனை பேரும் ஆற்றைப் பார்த்தபடி நின்றோம். பதினோரு பைனாகுலர், ஒரு ஸ்கோப், கைக்குழந்தை மாதிரி தூக்கிவைத்த ஒரு பெரிய லென்ஸ். எங்களுக்குப் பின்னால் என் ஸ்கூட்டர். கறி, பையோடு கொக்கியில் தொங்கியது. சுவரொட்டி நசுங்கிவிடக்கூடாதே என்று அந்த இலைப் பொட்டலத்தை மட்டும் சீட்டின் மேல் தனியாக வைத்திருந்தேன். புத்தி!

பின்னாலிருந்து ஒரு குரல். பாலத்தடியில் மீன் விற்கும் அக்கா. பதற்றமே இல்லாமல், பஸ் வந்துவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னார். "ஏனுங் தம்பி, உங்க பொட்டலம் போகுதுங்."

திரும்பினேன். சீட்டில் ஈர வட்டம் ஒன்று மட்டும் இருந்தது, அதன் நடுவில் வாழைநார். நிமிர்ந்தால் பழுப்பாக ஒன்று பாலத்தைத் தாண்டி, சூரியனுக்கு நேரே, நிதானமாக நாமக்கல் மாவட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மனிதனின் சுவரொட்டி போயிருக்கிறது. அய்யோ பாவம் என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே? ஸ்கோப் அண்ணன் கேட்டார்: "வால் பாத்தீங்களா? பிளந்திருந்துச்சா, ரவுண்டா இருந்துச்சா?"

கேள்வி நியாயமானதுதான். கள்ளப்பருந்துக்கு வால் நுனி லேசாகப் பிளந்திருக்கும். செம்பருந்துக்கு வளைந்திருக்கும். வளர்ந்த செம்பருந்து என்றால் வெள்ளைத் தலை, செம்மண் நிறம், குழந்தையும் சொல்லிவிடும். இளசு மட்டும் பழுப்பாக, கள்ளப்பருந்து மாதிரியே இருந்து ஆளை ஏமாற்றும். பன்னிரண்டு பேரில் ஒருவரும் வாலைப் பார்க்கவில்லை. மீன்கார அக்காவைக் கேட்டோம். "பருந்துங்க" என்றார். எந்தப் பருந்து என்றோம். "திருடித் திங்கற பருந்து" என்றார். இதற்கிடையில் விராலடிப்பானும் பறந்துவிட்டது. எந்தக் கரைப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால், கறியை வாங்கிக்கொண்டு அம்மா கையை நீட்டியபடியே நின்றார். இலைப் பொட்டலம் எங்கே என்று அந்தக் கை கேட்டது. நடந்ததைச் சொன்னேன். மனைவி உள்ளே போய்விட்டாள். தங்கச்சி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் அம்மா பயந்து அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி. "எந்தப் பருந்துடா அது?"

அம்மா என் குழுவில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். செம்பருந்து என்றால் கருடன். பெருமாள் வந்து எடுத்துக்கொண்டு போனதாகக் கணக்கு, கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். கள்ளப்பருந்து என்றால் மகன் ஏமாளி. கருடன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மத்தியானம் எனக்குக் குழம்பில் இரண்டு துண்டு கூடவே விழுந்திருக்கும். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் வாலைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? "உறுதியாத் தெரியலைம்மா" என்றேன். அன்றைக்கு எனக்கு விழுந்தது எலும்பு.

சாயங்காலம் நாமக்கல் வாத்தியார் ஒரு படம் அனுப்பினார். பள்ளிபாளையத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பழுப்புப் பருந்து. வால் விளிம்புக்கு அந்தப் பக்கம் மறைந்திருக்கிறது, என் அதிர்ஷ்டம் அப்படி. காலடியில் கருஞ்சிவப்பாக, நாக்கு மாதிரி தட்டையாக ஒன்று. ஓரத்தில் பச்சையாக ஏதோ கிழிசல். கீழே வாத்தியாரின் கேள்வி: "இரை என்னவென்று அடையாளம் காண உதவுங்கள்." மீன் குடல் என்று நாலு பேர். எலியின் ஈரலாக இருக்கலாம் என்று ஒருவர். கூடுதல் ஆய்வு தேவை என்று ஸ்கோப் அண்ணன்.

செல்போனை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போடவில்லை, பெரிதாக்கிப் பார்க்கவும் இல்லை.

"வெள்ளாட்டுச் சுவரொட்டி. நல்ல இளங்கெடாயுது" என்றார். "பாவி, இலையோட திங்குது பாரு."

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்ணா, பருந்தெல்லாம் எப்ப முட்ட வைக்கும்?"

"இப்பத்தான். மார்கழி, தையில கூடு கட்டும்."

"ஆம்பளைதான் இரை கொண்டாந்து குடுக்குமாங்ணா?"

"ஆமா."

அம்மா செல்போனை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார். "அப்பத் தின்னாமக் கொண்டுபோய்க் குடுத்திருக்கோணுமல்ல? தொட்டி மேல உக்காந்து தானே திங்குது. உங்க அப்பனாட்டவே இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது. "ஒருவேள அது பொட்டப் பருந்தாடா?"

ஆண் எது, பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிப்பது பருந்தில் கஷ்டம். குழுவில்தான் கேட்க வேண்டும். அதற்கு முதலில் இரை என்ன என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.